வெயில் பட்ட மூலக்கூறு

1919-ல் பெர்லினில் கர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் எலும்பு வளைந்துபோன சில பிள்ளைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துச் சிகிச்சை செய்து பார்த்தார். முதல் உலகப்போர் முடிந்த பட்டினிக் காலம் அது. சில மாதங்களில் பிள்ளைகளின் எலும்பு தேறியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறியிருப்பது தெரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அவர் கண்ணில் பட்டது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும், படாத கையின் எலும்பும் சேர்ந்தே குணமானது. அப்படியென்றால் ஒளி நேராக எலும்பில் வேலை செய்யவில்லை. தோலில் எதையோ உண்டாக்குகிறது. அது ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது.

அந்தப் பொருளுக்குத்தான் பிறகு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் விண்டாஸ் இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளை ஆராய்ந்து 1928-ல் நோபல் பரிசு பெற்றார். இன்று கதை தெளிவாகத் தெரியும். நம் தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற மூலக்கூறு இருக்கிறது. நான்கு கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிய உடல் அதற்கு. வெயிலில் இருக்கும் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளி அதன்மேல் விழுந்தால், இரண்டாம் வளையத்தில் ஒரே ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பு அறுந்து வளையம் திறந்துகொள்கிறது. திறந்த மூலக்கூறு, உடல் சூட்டில் மணிக்கணக்கில் மெல்ல மாறி வைட்டமின் டி3 ஆகிறது.

மணிக்கணக்கில் நடக்கும் அந்த இரண்டாம் படியைச் சாதாரண ஆய்வகத்தில் சோதனைக்குழாய் வைத்தே அளந்துவிடலாம். முதல் படிதான் பல தலைமுறை வேதியியலர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. அறுகிற பிணைப்பு எப்போது அறுகிறது? அணுக்கள் எந்தப் பாதையில் விலகுகின்றன? ஒளியை வாங்கிய மூலக்கூறுகளில் சில திறந்துவிடுகின்றன, சில பழையபடி மூடிக்கொள்கின்றன. எது எப்படி என்பது எங்கே தீர்மானமாகிறது? இவை எல்லாம் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள், அதாவது ஒரு பிக்கோ நொடிக்குள், முடிந்துவிடுகின்றன. அந்த ஒரு பங்கை மறுபடி ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ நொடி. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, ஒரு ஃபெம்டோ நொடியில் 0.3 மைக்ரோமீட்டர்தான் நகர்கிறது.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். மூலக்கூறுக்குள் அணுக்கள் நொடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில் அசைகின்றன. இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு 0.15 நானோமீட்டர் நீளம். ஆகவே பிணைப்பு அறுந்தது என்று சொல்லும் அளவுக்கு, அதாவது 0.1 நானோமீட்டர் அளவுக்கு அணு விலக 100 ஃபெம்டோ நொடி பிடிக்கும். வேதியியலின் அடிப்படைச் செயல் நடக்கும் காலம் இதுதான். இதைவிட மெதுவான எந்தக் கருவியும், நடந்து முடிந்ததை மட்டுமே காட்டும்.

நடப்பதையே பார்க்கும் முயற்சி கேம்பிரிட்ஜில் 1940-களின் கடைசியில் தொடங்கியது. ரொனால்ட் நாரிஷும் ஜார்ஜ் போர்ட்டரும் ஒரு பளிச்சிடும் விளக்கால் வேதிவினையைத் தொடங்கிவைத்து, சற்றுத் தாமதித்து இன்னொரு பளிச்சால் அதைப் படித்தார்கள். அவர்களின் விளக்குகள் மைக்ரோ நொடி, மில்லி நொடி அளவில்தான் மின்னின. ஆனால் முறை வழுவற்றது. 1967-ல் அவர்களுக்கு நோபல் கிடைத்தது. லேசர் வந்தபின் அந்தப் பளிச்சு குறுகிக்கொண்டே போனது. 1987-ல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் எகிப்தில் பிறந்த அகமது ஸெவெய்ல், அயோடின் சயனைடு மூலக்கூறு உடைவதை ஃபெம்டோ நொடி லேசர் துடிப்புகளால் தொடர்ந்தார். சுமார் 200 ஃபெம்டோ நொடியில் பிணைப்பு அறுந்தது. 1999-ல் நோபல் பரிசு அவருக்குத் தனியாக வழங்கப்பட்டது.

ஸெவெய்லின் லேசர் நேரத்தை மிக நன்றாகச் சொன்னது, உருவத்தைச் சொல்லவில்லை. ஒளியின் அலைநீளம் சில நூறு நானோமீட்டர். பிணைப்பின் நீளமோ 0.15 நானோமீட்டர். அந்த ஒளியால் மூலக்கூறின் நிறம் மாறியதை அறியலாம், ஆற்றல் மாறியதை அறியலாம்; அதிலிருந்து அணுக்கள் இங்கே இருக்கும், அங்கே இருக்கும் என்று கோட்பாட்டின் துணையோடு அனுமானிக்கலாம். இரண்டு அணுக்களுக்கு நடுவே அளவுகோல் வைப்பதென்றால், அலைநீளமும் அந்த அளவில் இருந்தாக வேண்டும். அதற்குத் தகுந்தவை இரண்டு: எக்ஸ் கதிர், எலெக்ட்ரான். எக்ஸ் கதிரால் படிகத்தின் அமைப்பை அறியும் வித்தை 1912-லிருந்தே இருக்கிறது. எலெக்ட்ரானும் அலைபோலச் சிதறும் என்பது 1927-லிருந்து தெரியும். இரண்டையும் ஃபெம்டோ நொடித் துடிப்புகளாக நறுக்குவதுதான் எஞ்சியிருந்த வேலை. அதற்கு எண்பது ஆண்டுகள் பிடித்தன.

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நிலத்தில் ஸ்லாக் என்ற ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1960-களில் கட்டிய, சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள எலெக்ட்ரான் முடுக்கி ஒன்று உண்டு. துகள் இயற்பியலுக்காகக் கட்டியது. பல்கலைக்கழகம் எழும்புவதற்கு முன்னால் அந்த வட்டாரம் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையாக இருந்தது. 1878-ல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புவதைப் படம்பிடித்தது அங்கேதான். அதே பண்ணை நிலத்தில், 131 ஆண்டுகள் கழித்து, 2009 ஏப்ரலில் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ் கதிர் லேசர் முதன்முதலாக ஒளிர்ந்தது. இடம் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தருகிற தற்செயல்.

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முடுக்கியின் கடைசி ஒரு கிலோமீட்டரில், நூறு கோடிக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்கள் அடங்கிய ஒரு சிறு கொத்து ஒளியின் வேகத்தை நெருங்கி விரைகிறது. முடிவில் அது அண்டுலேட்டர் என்ற காந்த வரிசைக்குள் நுழைகிறது. வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாறி மாறி அடுக்கிய காந்தங்கள், நூறு மீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு நீள்கின்றன. அவற்றின் நடுவே எலெக்ட்ரான்கள் இடமும் வலமுமாக வளைந்து நெளிந்து ஓடும்போது எக்ஸ் கதிரை உமிழ்கின்றன. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் உமிழ்கிறது. மொத்த ஒளியும் மங்கலாகவே இருக்கிறது. பிறகு, தாம் உமிழ்ந்த ஒளியோடு தாமே உறவாடி, அந்த எலெக்ட்ரான்கள் ஓர் அலைநீள இடைவெளி விட்டு மெல்லிய தகடுகளாகத் தம்மை அடுக்கிக்கொள்கின்றன. அதன்பின் எல்லாமே ஒரே தாளத்தில் உமிழ்கின்றன. தேர்வடத்தைப் பிடித்த ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது, குரல் கொடுத்ததும் ஒரே மூச்சில் இழுத்தால் நிலையை விட்டுக் கிளம்பும் அல்லவா, அப்படி. ஒரு துடிப்பில் சுமார் ஒரு லட்சம் கோடி எக்ஸ் கதிர் ஃபோட்டான்கள். அவ்வளவும் சில பத்து ஃபெம்டோ நொடிக்குள். இப்படி நொடிக்கு 120 துடிப்புகள்.

எலெக்ட்ரான்கள் தம்மைத் தாமே அடுக்கிக்கொள்ளும் இந்த இடம்தான் முழு இயந்திரத்திலும் என்னை மிகவும் வியக்கவைப்பது. வெளியிலிருந்து யாரும் அவற்றை நிரைப்படுத்துவதில்லை. கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை முன்னும் பின்னும் ஓடவைத்துத்தான் சாதாரண லேசர் வேலை செய்கிறது; இந்த அலைநீளத்துக்கு அப்படி ஒரு கண்ணாடிக் கூடு அமைப்பது மிகக் கடினம். அந்தத் தடையை ஒரே நீண்ட காந்தப் பாதையில் ஒரே ஓட்டத்தில் தாண்டியது பெரிய சாதனை.

சோதனை நடக்கும் விதம் நாரிஷும் போர்ட்டரும் வகுத்ததேதான். முதலில் புற ஊதா லேசர்த் துடிப்பு ஒன்று மூலக்கூறுகளைத் தட்டி எழுப்புகிறது. குறித்த தாமதத்துக்குப் பிறகு எக்ஸ் கதிர்த் துடிப்பு வந்து, அந்தக் கணத்தில் அவை இருக்கும் நிலையைப் பதிகிறது. தாமதத்தை நிர்ணயிப்பது கடிகாரம் இல்லை, தூரம்தான். லேசர் ஒளி போகும் வழியில் தண்டவாளம் போன்ற ஒரு மேடைமேல் கண்ணாடிகள் இருக்கின்றன. கண்ணாடியை 1.5 மைக்ரோமீட்டர் பின்னே தள்ளினால் போக வர 3 மைக்ரோமீட்டர் கூடும். ஒளி 10 ஃபெம்டோ நொடி தாமதமாக வந்து சேரும். காலத்தை மைக்ரோமீட்டரில் அளந்து வைக்கிறார்கள்.

ஆனால் எக்ஸ் கதிரை உண்டாக்கும் இயந்திரம் கிலோமீட்டர் நீளமானது. லேசரோ சோதனைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. இரண்டையும் எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், துடிப்புக்குத் துடிப்பு நூறு ஃபெம்டோ நொடி அளவுக்கு முன்பின்னாக ஆடும். அளக்க வேண்டிய நிகழ்ச்சியே அவ்வளவுதான் நீளம் என்னும்போது இது உயிர்நிலைப் பிரச்சினை. தீர்வு அழகானது. ஆட்டத்தை நிறுத்த முயலாமல், ஒவ்வொரு துடிப்பிலும் ஆட்டம் எவ்வளவு என்று அளந்துவிடுகிறார்கள். எக்ஸ் கதிர் போகும் பாதையில் மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு தகடு ஒன்றை வைக்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்ட நொடியில் அந்தத் தகடு ஒளியை ஊடுருவவிடும் தன்மை சட்டென்று மாறும். அதே தகடு வழியாக லேசர் ஒளியின் ஒரு பகுதியையும் அனுப்பினால், எந்த இடத்தில் மாற்றம் விழுந்தது என்பதைப் பார்த்து இரண்டும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைப் படித்துவிடலாம். பிறகு லட்சக்கணக்கான பதிவுகளை, எடுத்த வரிசையை மறந்து, உண்மையான தாமதத்தின்படி கணினியில் மறுபடி அடுக்குகிறார்கள். மூலக்கூறின் திரைப்படம் என்று செய்திகளில் வருவது இப்படி அடுக்கியதுதான்.

அந்தத் திரைப்படத்தின் ஒரு சட்டகம் பார்க்க எப்படி இருக்கும்? மையத்தில் நேர்க்கதிர் தப்பிச்செல்ல ஓட்டை. அதைச் சுற்றி மங்கலான வளையங்கள். வாயுவில் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடப்பதால், படிகம் தருவதுபோல் கூர்மையான புள்ளிகள் கிடைக்காது. லேசர் பட்ட படத்திலிருந்து படாத படத்தைக் கழித்தால், மிஞ்சும் வேறுபாடு நூற்றில் ஒரு பங்குதான், பல சமயம் அதற்கும் கீழே. அந்த வேறுபாட்டை அணுக்களுக்கு இடையிலான தூரங்களாக மாற்றிப் படிக்கிறார்கள். இந்த மங்கல் வளையத்திலிருந்து ஒரு கார்பன் இன்னொரு கார்பனை விட்டு விலகியதைச் சொல்ல முடிகிறது என்பது, முதன்முறை கேட்பவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். கணக்கு ஒவ்வொரு படியிலும் நேர்மையாக நிற்கிறது.

வைட்டமின் டி கதையின் அறுகிற வளையத்துக்கு ஒரு சிறிய மாதிரி உண்டு: 1,3-சைக்ளோஹெக்சாடையீன். ஆறு கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஒரே ஒரு வளையம். 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலின் அந்த இரண்டாம் வளையத்தில் உள்ள அதே இரட்டைப் பிணைப்பு அமைப்பு. அறையின் வெப்பநிலையில் திரவம், எளிதாக ஆவியாகும். அதன்மேல் சுமார் 270 நானோமீட்டர் புற ஊதா ஒளியை விட்டால், வளையம் திறந்து ஹெக்சாட்ரையீன் என்ற நீண்ட சங்கிலி ஆகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் வெபர் குழு எல்.சி.எல்.எஸ்.-ல் இதை எக்ஸ் கதிர்ச் சிதறலால் தொடர்ந்து 2015-ல் வெளியிட்டது. வளையம் 200 ஃபெம்டோ நொடிக்குள்ளாகவே திறந்துவிடுவது பதிவில் தெரிந்தது. கணினியில் ஓட்டிப் பார்த்த மூலக்கூறுப் பாதைகளோடு அந்தப் பதிவை ஒப்பிட்டு, அணுக்கள் விலகும் வழியை அவர்கள் வரைந்தார்கள்.

எக்ஸ் கதிருக்கு ஒரு குணம் உண்டு. அது அணுவில் உள்ள எலெக்ட்ரான் மேகத்தில் மோதித்தான் சிதறுகிறது; அணுக்கருவை அது நேராக உணர்வதில்லை. எலெக்ட்ரான் துடிப்போ, கரு, மேகம் இரண்டின் மின்விசையையும் சேர்த்து உணர்கிறது. அதோடு எக்ஸ் கதிரைவிட லட்சம் மடங்குக்கும் மேல் வலுவாகச் சிதறுகிறது. ஆகவே வாயு போன்ற நீர்த்த பொருளுக்கு எலெக்ட்ரான் மிகப் பொருத்தம். ஸெவெய்லே பின்னாளில் லேசரோடு நில்லாமல் எலெக்ட்ரான் சிதறலுக்குத் திரும்பினார். 2001-ல் அவர் குழு மூலக்கூறு துண்டாவதை அப்படிப் பதிவு செய்தது. ஆனால் அவர்களால் சில பிக்கோ நொடிக்குக் கீழே இறங்க முடியவில்லை.

தடை இரண்டு. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். ஒரே துடிப்பில் நிறைய எலெக்ட்ரான்களை அடைத்தால், போகும் வழியிலேயே துடிப்பு உப்பி நீண்டுவிடும். இரண்டாவது, வேகம். 30 ஆயிரம் வோல்ட்டில் முடுக்கிய எலெக்ட்ரான் ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஓடும். வாயுத் தாரையின் அகலம் 0.3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். லேசர் அதை ஒரு பிக்கோ நொடியில் கடக்கும், எலெக்ட்ரான் கடக்க மூன்று பிக்கோ நொடி ஆகும். தாரையின் முன்பக்கத்து மூலக்கூறுக்கும் பின்பக்கத்து மூலக்கூறுக்கும் நடுவே இரண்டு பிக்கோ நொடி குழப்பம் வந்துவிடும். ஸ்லாக் குழு எடுத்த வழி, எலெக்ட்ரானை ஒரேயடியாக 37 லட்சம் வோல்ட் அளவுக்கு முடுக்குவது. அந்த ஆற்றலில் அது ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டைத் தாண்டி ஓடுகிறது. மேற்சொன்ன குழப்பம் சில ஃபெம்டோ நொடியாகச் சுருங்கிவிடும். சார்பியல் விளைவால் தள்ளுவிசையும் அடங்குகிறது. அலைநீளம் 0.3 பிக்கோமீட்டர், கார்பன் பிணைப்பின் நீளத்தில் ஐந்நூறில் ஒரு பங்கு.

இந்தக் கருவியால் தாமஸ் வுல்ஃப் தலைமையிலான குழு அதே சைக்ளோஹெக்சாடையீனை மறுபடி எடுத்து 2019-ல் வெளியிட்ட முடிவு, எக்ஸ் கதிர்ப் படத்துக்கு ஓர் ஆழம் கொடுத்தது. பிணைப்பு அறுவதும், அதுவரை இல்லாத நீண்ட கார்பன்–கார்பன் தூரங்கள் தோன்றுவதும் நேராகவே தெரிந்தன. எதிர்பாராத அழகு அதற்கடுத்தது. வளையம் ஒரே சீராகத் திறக்கவில்லை. முதலில் சற்றுத் தயங்கி, பிறகு வேகமெடுத்துத் திறந்தது.

தயக்கத்துக்கும் வேகத்துக்கும் காரணத்தை விளக்க, ஒரு பழைய கொள்கையைத் தொட வேண்டும். 1927-ல் மாக்ஸ் போர்னும் ஓப்பன்ஹைமரும் சொன்னது அது: எலெக்ட்ரான் இலேசானது, கரு ஆயிரக்கணக்கான மடங்கு கனமானது, கரு நகர்வதற்குள் எலெக்ட்ரான்கள் ஒழுங்காகிவிடும், ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். வேதியியலின் பெரும்பகுதி இதன்மேல் நிற்கிறது. ஒளி பட்ட மூலக்கூறில் ஓர் இடத்தில் இந்தக் கொள்கை உடைகிறது. ஒளியை வாங்கிய கிளர்நிலையின் ஆற்றலும், வாங்காத அடிநிலையின் ஆற்றலும் அணுக்களின் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் ஒன்றாகிவிடுகின்றன. அந்த இடத்துக்குக் கூம்புச் சந்திப்பு என்று பெயர். 1937-லேயே எட்வர்ட் டெல்லர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே வந்து சேரும் மூலக்கூறு, ஒளியாக எதையும் உமிழாமல், கிளர்நிலையிலிருந்து அடிநிலைக்கு இறங்கிவிடும். எலெக்ட்ரானும் கருவும் அங்கே சேர்ந்தே ஆடுகின்றன. ஒன்றை விட்டு ஒன்றைக் கணக்கிட வழியில்லை.

சைக்ளோஹெக்சாடையீன் கிளர்நிலையில் இருக்கும்வரை வளையத்தைத் திறக்கும் விசை மிதமானது. சந்திப்பு வழியாக அடிநிலைக்கு இறங்கியதும் சரிவு செங்குத்தாகிறது. அணுக்கள் வேகமெடுத்து விலகுகின்றன. 2019-ன் எலெக்ட்ரான் படம் காட்டியது இந்த வேகமெடுப்பைத்தான். வளையம் திறந்த கையோடு, சங்கிலியின் இரண்டு முனைகளும் சுழலத் தொடங்குகின்றன. அதுவும் ஒரு பிக்கோ நொடிக்குள் ஆரம்பித்துவிடுகிறது. காகிதத்தில் ஓர் அம்புக்குறி போட்டு மாணவர்களுக்குக் கற்பித்துவந்த ஒரு வினைக்குள் இத்தனை நுணுக்கம் இருந்திருக்கிறது.

முனைகள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. நெதர்லாந்தின் லைடனில் எக்பர்ட் ஹவிங்கா வைட்டமின் டி குடும்பத்து மூலக்கூறுகளை ஆராய்ந்தபோது, வெப்பத்தால் நடந்தால் ஒரு விதமாகவும், ஒளியால் நடந்தால் வேறு விதமாகவும் வளைய முனைகள் திரும்புவதைக் கண்டார். 1965-ல் ராபர்ட் வுட்வார்டும் ரோல்ட் ஹாஃப்மனும் இதற்கு எலெக்ட்ரான் அலைகளின் சமச்சீர் அடிப்படையில் விதிகள் வகுத்தார்கள். ஆறு எலெக்ட்ரான் பங்குகொள்ளும் இப்படிப்பட்ட வளையம் ஒளியால் திறந்தால், இரு முனைகளும் ஒரே திசையில் திரும்ப வேண்டும். விளைபொருளைப் பார்த்து இதைப் பலமுறை உறுதிசெய்திருந்தார்கள். 2021-ல் அதே ஸ்லாக் கருவியில் ஆல்ஃபா-ஃபெலாண்ட்ரீன் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். யூகலிப்டஸ் தைலத்திலும் மிளகெண்ணெயிலும் இருக்கும் வாசனைப் பொருள் அது. சைக்ளோஹெக்சாடையீன் வளையத்தில் இரண்டு கிளைகள் ஒட்டியது போன்ற அமைப்பு. வளையம் திறக்கும் கணத்திலேயே, விதி முன்னுரைத்த வடிவம் உருவாவதை எலெக்ட்ரான் படம் காட்டியது. எழுதி 56 ஆண்டு ஆன விதி வேலை செய்வதை, அது வேலை செய்யும் நேரத்திலேயே பார்த்தாகிவிட்டது.

இதுவரை சொன்னது ஒளி உடைக்கும் மூலக்கூறு. அதே வெயிலில், அதே தோலில், உடையக் கூடாத மூலக்கூறும் ஒன்று இருக்கிறது: டி.என்.ஏ. அதன் எழுத்துகளில் ஒன்றான தைமின், புற ஊதா ஒளியை நன்றாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஆற்றல் ஒரு பிணைப்பை உடைக்கத் தாராளமாகப் போதும். இருந்தும் பெரும்பாலான தடவை எதுவும் ஆவதில்லை. ஆற்றல் வெப்பமாகிச் சிதறுகிறது. எப்போதாவது பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுதான் தோல் புற்றுநோய்க்கு வழிவிடும் சேதம். அப்படி ஒட்டுவதும் ஒரு பிக்கோ நொடிக்குள் நடந்துவிடுகிறது என்று 2007-ல் தெரிந்தது. ஒளி விழும் கணத்தில் இரண்டும் ஏற்கெனவே சரியான கோணத்தில் நின்றிருந்தால் மட்டும்.

தைமின் தப்பிப்பது எப்படி என்பதில் நெடுநாள் வழக்கு இருந்தது. முதல் கிளர்நிலையிலேயே சில பிக்கோ நொடி தங்குகிறது என்றது ஒரு கட்சி. உடனே வேறொரு நிலைக்கு மாறிவிடுகிறது என்றது இன்னொரு கட்சி. இங்கே அணுக்களின் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. எலெக்ட்ரான் எந்த அறையை விட்டு எந்த அறைக்குப் போனது என்பதுதான் கேள்வி. அதற்கு எக்ஸ் கதிர்தான் வேண்டும். இரண்டாவது நிலையில், தைமினின் ஆக்சிஜன் அணுவை ஒட்டிய ஓர் எலெக்ட்ரான் இடம் காலியாகிறது. ஆக்சிஜனின் ஆழத்தில் கருவை ஒட்டி இருக்கும் எலெக்ட்ரானை, சரியான ஆற்றல் உள்ள எக்ஸ் கதிரால் தூக்கி அந்தக் காலியிடத்தில் வைக்கலாம். இடம் காலியாக இல்லாதவரை அந்த எக்ஸ் கதிர் உறிஞ்சப்படாது. ஆகவே அந்த ஆற்றலில் உறிஞ்சல் தோன்றும் கணமே, எலெக்ட்ரான் இடம் மாறிய கணம். எல்.சி.எல்.எஸ்.-ல் தைமின் ஆவிமேல் செய்து 2017-ல் வெளியிட்ட அளவை: சுமார் 60 ஃபெம்டோ நொடி. விரைவுக் கட்சி வென்றது.

இந்தச் சோதனைதான் எக்ஸ் கதிரின் உண்மையான பலத்தைக் காட்டுகிறது என்று நினைக்கிறேன். நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் உள்ளெலெக்ட்ரான் ஆற்றல் வேறு. எக்ஸ் கதிரின் ஆற்றலைத் திருப்பிவைத்தால், பெரிய மூலக்கூறுக்குள் ஒரே ஒரு வகை அணுவிடம் மட்டும் பேசலாம். எலெக்ட்ரான் துடிப்பு உருவத்தைச் சொல்கிறது. எக்ஸ் கதிர் காரணத்துக்கு அருகே போகிறது. கூம்புச் சந்திப்பில் கருவும் எலெக்ட்ரானும் பிரிக்க முடியாமல் கலப்பதால், ஒரு கருவியை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 2020-ல் பிரிடின் மூலக்கூறில் செய்த எலெக்ட்ரான் சோதனை இந்த எல்லையைக் கொஞ்சம் தளர்த்தியது. சிறு கோணத்தில் சிதறுபவை எலெக்ட்ரான் நிலை மாறியதையும், பெருங்கோணத்தில் சிதறுபவை கருக்கள் நகர்ந்ததையும் தனித்தனியே காட்டின. ஒரே பதிவில் இரண்டும்.

இந்தப் படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு தனி மூலக்கூறின் பயணத்தை இவை காட்டுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் புதிய வாயு வருகிறது. கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரிதான் பதிவாகிறது. சராசரிக்கு அடியில் சில திறந்திருக்கும், சில மூடியிருக்கும். எந்த அசைவு எதற்கு உரியது என்று பிரித்தறிய, கணினிப் பாவனையின் கை தேவைப்படுகிறது. பாவனையும் அளவையும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு முன்னேறுவதுதான் இந்தத் துறையின் அன்றாடம். பளபளப்பான அசைபடங்களைப் பார்க்கும்போது இதை மறக்காமல் இருப்பது நல்லது.

அடுத்த பெரிய தாவல், வாயுவை விட்டு ஈரத்துக்குள் போவது. திரவத்தில் எலெக்ட்ரான் சீக்கிரமே சிதறித் தொலைந்துவிடும் என்பதால், தண்ணீரையே சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாக வெற்றிடத்துக்குள் பாய்ச்சக் கற்றுக்கொண்டார்கள். 2021-ல் அந்தப் படலத்தில் ஒரு நீர் மூலக்கூறை அகச்சிவப்பு ஒளியால் அதிரவைத்தபோது, பக்கத்து மூலக்கூறு சுமார் 80 ஃபெம்டோ நொடியில் அதை நோக்கி நெருங்கி வந்து, பிறகு விலகியது. நெருங்கிய தூரம் 0.04 ஆங்ஸ்ட்ராம், ஓர் அணுவின் அகலத்தில் மிகச் சிறு பங்கு.

எல்.சி.எல்.எஸ்.-ன் இரண்டாம் தலைமுறை 2023 செப்டம்பரில் ஒளிரத் தொடங்கியது. முடுக்கியின் முதல் கிலோமீட்டரில் பழைய செம்புக் குழாய்களை எடுத்துவிட்டு, மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்வித்த நியோபியம் கூடுகளை வைத்திருக்கிறார்கள். மின்தடையே இல்லாத அந்தக் கூடுகளால் நொடிக்கு 10 லட்சம் துடிப்பு வரை எட்ட முடியும். பழைய இயந்திரம் ஒரு முழு நாள் ஓடிச் சேர்த்த ஒரு கோடிச் சொச்சம் துடிப்புகளைப் புதியது பத்து நொடியில் தந்துவிடும். அவ்வளவு வேகத்தில் படத்தை வாசித்தெடுக்கும் கண்டறிகருவிகள் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். அந்த உழைப்பு இப்போது மும்முரமாக நடக்கிறது. நீர்த்த கரைசலில் ஆயிரத்தில் ஒன்றாக மிதக்கும் மூலக்கூறின் மங்கலான குறிப்பையும் பொறுக்கியெடுக்க அப்போதுதான் வழி பிறக்கும்.

வைட்டமின் டி-யின் மீதிக் கேள்வி அங்கேதான் காத்திருக்கிறது. வாயுவில் வளையம் திறந்ததும் முனைகள் தடையின்றிச் சுழல்கின்றன. தோலில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. திறந்த மூலக்கூறை நீண்டு விரியவிடாமல், வளைந்த ஒரு வடிவத்திலேயே சவ்வு நிறுத்திவைக்கிறது. வைட்டமினாக மாறுவதற்கு வேண்டிய வடிவம் அதுவேதான். அதனால்தான் கரைப்பானில் வைத்த மூலக்கூறைவிடத் தோலில் உள்ளது பல மடங்கு விரைவாக டி3 ஆகிறது. அறுந்த பிணைப்பின் முனை சுழலத் தொடங்கும் அந்த முதல் பிக்கோ நொடியில், சுற்றியுள்ள கொழுப்புச் சங்கிலிகள் அதை எங்கே தொட்டு நிறுத்துகின்றன என்பதுதான் இனிப் பார்க்க வேண்டியது.